இருபது எண்ணும் வரை

அந்த ஏரிக்கரைப் படகுக் கிளப்பில் ஸ்ரனிஸ்லாஸ் என்று ஒருவரும் வேலை செய்யவில்லை. ஸ்ரான்லி பெரேரா என்று ஒருவர் இருந்தார். இருபத்திரண்டு வருஷமாகப் படகு தேய்த்து, பெயின்ற் பூசி, பாய் தைத்து, கயிறு மாற்றி வந்தார். இரண்டு பேரும் ஒருவர்தான் என்பது கொட்டாஞ்சேனையில் அவருடைய மனைவி ஐறீனுக்கும் மகள் டோரினுக்கும் தெரியும். கிளப்பில் ஒரே ஒருவனுக்குத் தெரிந்திருந்தது. அவன் செத்து ஒன்றரை வருஷமாகிவிட்டது.

பெயர் வந்த கதை ஒன்றும் பெரிய கதை இல்லை. எழுபத்தைந்தாம் ஆண்டு வேலை கேட்டுப் போனபோது கிளப் கிளார்க் சிங்களத்தில் பெயரைக் கேட்டான். ஸ்ரனிஸ்லாஸ் என்பது அவன் வாய்க்குள் அடங்கவில்லை, ஸ்ரான்லி என்று எழுதிக்கொண்டான். தகப்பன் பெயர் சூசைப்பிள்ளை என்று சொல்ல இவர் வாயைத் திறக்க முன்னமே எந்த ஊர் என்று கேட்டான். அந்த வாரம் தமக்கை வீட்டில் தங்கியிருந்தபடியால் வத்தளை என்றார். வத்தளைப் பக்கத்துக் கத்தோலிக்க வேதக்காரன் என்றால் சிங்களப் பெரேராவாகத்தான் இருக்க வேண்டும் என்று கிளார்க் தானே முடிவு கட்டிவிட்டான். ஸ்ரனிஸ்லாஸ் திருத்தவில்லை. அன்று பின்னேரம் ஐறீனிடம் சொல்லிச் சிரித்தார். அப்போது அவர்களுக்குக் கலியாணமாகவில்லை. பெரேரா அம்மா என்று அவளைக் கொஞ்ச நாள் பகிடி பண்ணினார்.

எண்பத்து மூன்று ஜூலைக் கலவரத்தில் அந்தப் பகிடி முடிந்தது. ஐந்து இரவு அவர் படகுக் கொட்டிலில், சுருட்டி வைத்த பாய்களுக்கு அடியில் கிடந்தார். பொல்லுகளோடு கேற்றுக்கு வந்தவர்கள் உள்ளே தமிழர் இருக்கிறார்களா என்று காவல்காரனைக் கேட்டார்கள். இல்லை, ஸ்ரான்லி மட்டும்தான் இருக்கிறான் என்று அவன் சத்தியமாகச் சொன்னான். அவனுக்குத் தெரிந்த உண்மை அதுதான். பொய் சொல்லத் தெரியாத மனுஷன் என்று ஊரில் பேர் வாங்கியவன் வேறு. அந்த ஒரு வாக்கியத்தால் உயிர் தப்பிய ஸ்ரனிஸ்லாஸ், அதற்குப் பிறகு அந்தப் பெயரைக் கழற்றி வைக்கத் துணியவே இல்லை. சிங்களம் அவருக்கு வத்தளைச் சந்தையில் வளர்ந்தவன் போலவே வரும். கிளப்பில் அடையாள அட்டையை எடுத்துக் காட்ட வேண்டிய தேவையும் வரவில்லை. அந்த அட்டையில் சிங்களத்துக்குக் கீழே தமிழிலும் ஒரு வரி இருந்தது. அந்தத் தமிழ் வரி ஒன்றே போதும் என்பது அந்த நாட்களில் கொழும்பில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

அவரைக் கோழை என்று சொல்லுகிறவர்கள் சொல்லட்டும். பாய்க்கு அடியில் ஐந்து இரவு கிடந்து பார்த்துவிட்டுச் சொல்லட்டும்.

தொண்ணூற்றேழாம் ஆண்டு ஆகஸ்டில் ஒரு வியாழக்கிழமை டோரின் வீட்டுக்கு வரவில்லை. அவள் வெள்ளவத்தையில், வெளிநாட்டுக்கு ரெலிபோன் பேச ஆட்கள் வரிசையில் நிற்கும் ஒரு கொமியுனிகேஷன் கடையில் வேலை செய்தாள். அவளோடு வேலை செய்த மேபல் மன்னாரில் இருந்து வந்தவள், கடற்கரைப் பக்கம், வடக்கில் இருந்து வரும் தமிழர் தங்கும் ஒரு லொட்ஜில் அறை எடுத்திருந்தாள். மேபலுக்குக் காய்ச்சல். வேலை முடிந்து ஒரு சோடாவும் பாணும் வாங்கிக் கொடுத்துவிட்டு வருவோம் என்று போன டோரினை, அந்த லொட்ஜைச் சுற்றி வளைத்த பொலிஸ் மற்ற எல்லாரோடும் சேர்த்து ஏற்றிக்கொண்டு போய்விட்டது.

வெள்ளிக்கிழமை காலை ஸ்ரனிஸ்லாஸும் ஐறீனும் பொலிஸ் நிலையத்தில் மூன்று மணி நேரம் நின்றார்கள். கடைசியில் பொறுப்பதிகாரி கூப்பிட்டுப் பேசினார். அதட்டவில்லை. உங்கள் மகள் மேல் எனக்குத் தனியாக ஒன்றுமில்லை என்றார். ஆனால் அந்த லொட்ஜில் பிடிபட்ட எல்லார் பேரிலும் திங்கட்கிழமை ஒன்பது மணிக்குத் தடுப்பு உத்தரவு கையெழுத்தாகும், மூன்று மாதத்துக்கு வேறு இடத்துக்கு ஏற்றிவிடுவோம், அங்கே போனால் தன் கையில் ஒன்றும் இல்லை என்றார். அதற்கு முன்னால் நல்ல அந்தஸ்துள்ள ஒரு பெரிய மனுஷர் இந்தக் குடும்பத்தை எனக்குத் தெரியும், பொறுப்பு நிற்கிறேன் என்று கடிதம் தந்தால் பேரை வெட்டிவிடுகிறேன் என்றார். ஒரு நிமிஷம் மகளைக் காட்டினார்கள். டோரின் அழவில்லை. மேபலுக்கு இன்னும் காய்ச்சல் என்று மட்டும் சொன்னாள்.

கொட்டாஞ்சேனையில் ஸ்ரனிஸ்லாஸுக்குத் தெரிந்த பெரிய மனுஷர் பங்குச் சாமியார் ஒருவர்தான். அவரும் தமிழர். அவருடைய கடிதம் ஏற்கெனவே நாலு வீட்டுப் பிள்ளைகளுக்காகப் போய் மேசையில் கிடந்தது. ஐறீன்தான் கேட்டாள், உங்கள் கிளப்பில் ஒரு ஜட்ஜ் ஐயா இருக்கிறாரே என்று.

இருந்தார். தெனிபிட்டிய மாத்தையா, சிங்களவர், ஓய்வு பெற்ற மாவட்ட நீதிபதி. மாத்தையா என்றால் சிங்களத்தில் ஐயா. சனிக்கிழமை அவருடைய படகில் வேலை என்று ஏற்கெனவே சொல்லி வைத்திருந்தார்கள்.

அது அவருடைய படகு என்று சொல்வதை விட அவருடைய மகன் அசேலவின் படகு என்று சொல்வதுதான் சரி. இரண்டு மெல்லிய ஓடங்களைப் பக்கம் பக்கமாக வைத்து, நடுவில் ஒரு கன்வஸை இழுத்துக் கட்டி, மேலே ஒரு பாய்மரம். மெம்பர்மார் அதைக் கற்றமரான் என்று இங்கிலிஷில் சொல்லுவார்கள். கட்டுமரம் என்ற நம்முடைய சொல்லை எடுத்துப் போய்ச் சப்பித் துப்பினால் அப்படித்தான் வரும். ஸ்ரனிஸ்லாஸுக்கு அது தெரியும், சொல்ல முடியாது. ஒரே ஒருவனுக்குச் சொன்னார், அது அசேல. பதினேழு வயதில் முதல் தடவை கயிறு மாற்ற உதவிக்கு வந்தபோதே அவன் இவர் கயிற்றை இழுத்துப் பிடித்து வாய்க்குள் எண்ணுவதைக் கவனித்து, ஸ்ரான்லி அண்ணா, நீங்கள் எண்ணுவது தமிழ்தானே என்று கேட்டுவிட்டான். இவர் வேறு ஆள் நிற்கிறதா என்று வாசலைத் திரும்பிப் பார்த்தார். அவன் சிரித்துவிட்டு, அப்பாவுக்குச் சொல்ல மாட்டேன், ஆனால் எனக்கும் இருபது வரை சொல்லித் தாருங்கள் என்றான். சொல்லிக் கொடுத்தார். பிறகு அவன் இராணுவத்தில் சேர்ந்தான். வடக்கே செத்தான். பெட்டியைத் திறக்க விடவில்லை என்று கிளப்பில் பேசிக்கொண்டார்கள்.

அன்றிலிருந்து படகு கொட்டிலில் கிடந்தது. இப்போது ஞாயிற்றுக்கிழமை அவன் பேரில் ஒரு படகு ஓட்டப் போட்டி. மாத்தையாவின் மருமகன் ஒருவன் அந்தப் படகை ஓட்டப் போகிறான். தகரக் கூரையின் கீழ் ஒன்றரை வருஷ வெக்கையில் கிடந்த இலாஸ்ரிக் கயிறுகள் எல்லாம் கெட்டுப்போய்விட்டிருந்தன. இலாஸ்ரிக் அப்படிப்பட்ட சாமான். வேலை செய்தால் நிற்கும், சும்மா கிடந்தால் சாகும். வெளியே உறை புதிது போல இருக்க, உள்ளே ரப்பர் பொடியாக உதிரும்.

இந்தப் படகில் இலாஸ்ரிக்குக்கு என்ன வேலை என்றும் சொல்லிவிட வேண்டும். காற்று பலமாக அடித்தால் ஒரு பக்கத்து ஓடம் எழும்பும். அதை அமுக்க, ஓட்டுகிறவன் இடுப்பில் பட்டி கட்டி, பாய்மரத்தில் இருந்து இறங்கும் கம்பியின் வளையத்தை அதில் கொளுவி, காலை விளிம்பில் ஊன்றி, தண்ணீருக்கு மேலே வெளியே சாய்ந்து நிற்பான். உள்ளே வந்து வளையத்தைக் கழற்றியதும் அது ஆடிப் போய் ஆருடைய பல்லையாவது உடைக்காமல் தன் இடத்துக்குத் திரும்ப வேண்டும். அதற்காகக் கன்வஸுக்கு அடியால் ஒரு கரையில் இருந்து மறு கரைக்கு ஒரு இலாஸ்ரிக் ஓடி, இரண்டு பக்கத்து வளையங்களையும் பிடித்திருக்கும். சுக்கான்களைத் தண்ணீருக்குள் அமுக்கிப் பிடிக்க வேறு இரண்டு துண்டு. எல்லாம் சேர்த்து ஒரு பொட்டலத்துக்குள் அடங்கும். ஆனால் அது இல்லாமல் படகை இறக்க முடியாது.

ஸ்ரனிஸ்லாஸ் சனிக்கிழமை விடியவே எழும்பினார். புறக்கோட்டை இப்றாஹிம் நானாவின் கடையில் போன வாரமே வாங்கி வைத்த இலாஸ்ரிக் சுருளை ஒரு பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினார். வழியில் இரண்டு சோதனைச் சாவடியில் இறங்கி நின்று, பையைத் திறந்து காட்டி, அட்டையை நீட்டி, மறுபடி ஏறினார். கேட்க வேண்டியதை வழி முழுக்கச் சிங்களத்தில் மனதுக்குள் சொல்லிப் பார்த்தார். மாத்தையா, ஒரு உதவி. மாத்தையா, என் மகளை. அதற்கு மேல் வசனம் ஓடவில்லை. பொலிஸ் ஏன் உன் மகளைப் பிடிக்க வேண்டும் என்று அவர் கேட்பார். அதற்கு ஒரே ஒரு பதில்தான் உண்டு. வடக்கே மகனைப் பறிகொடுத்தவரிடம் போய் அதை எப்படிச் சொல்வது?

பழைய இலாஸ்ரிக்கை இழுத்து எறிந்துவிட்டால் புதியதை உள்ளே விட வழியிருக்காது. பழையதின் வாலில் புதியதின் தலையை நூலால் தைத்து, பழையதைப் பொறுமையாக இழுக்க வேண்டும். புதியது அதன் பின்னால் ஒவ்வொரு வளையமாக, கப்பியாக, நுழைந்து வரும். ஆனால் அதற்கு முன் புதியதைக் களைக்கப் பண்ண வேண்டும். கடையில் இருந்து வந்த இலாஸ்ரிக் கொஞ்சம் முரடு. அப்படியே அளந்து வெட்டிக் கட்டினால் இரண்டாம் நாள் தொங்கிப் போகும். அதனால் ஒரு தலையைத் தூணில் மாட்டி, இரண்டு மடங்குக்கு இழுத்துப் பிடித்து, இருபது எண்ணி, மெல்ல விட வேண்டும். அப்படிப் பத்துத் தரம். அதற்குப் பிறகுதான் அளவு. இது ஸ்ரனிஸ்லாஸ் தானாகக் கண்டுபிடித்த முறை. அவர் கட்டிய இலாஸ்ரிக் தொங்கியதாகக் கிளப்பில் ஒருவரும் சொன்னதில்லை.

ஒன்பது மணியளவில் தெனிபிட்டிய மாத்தையா வந்தார். உயரமான மனுஷர், மகன் போன பிறகு கொஞ்சம் கூனிவிட்டார். படகைச் சுற்றி ஒரு தரம் நடந்தார். ஓடத்தின் மேல் கையை வைத்தார், எடுத்தார். பிறகு, தூண் எதற்கு, நான் பிடிக்கிறேன் என்று இலாஸ்ரிக்கின் மறு தலையை வாங்கிக்கொண்டார். வேண்டாம் மாத்தையா, கை நோகும் என்றார் ஸ்ரனிஸ்லாஸ். அவர் கேட்கவில்லை. மகனுடைய படகில் ஒரு வேலையாவது தன் கையால் செய்ய வேண்டும் என்று வந்திருந்தார்.

இரண்டு பேரும் கொட்டிலின் இரண்டு முனையில் நின்றார்கள். ஸ்ரனிஸ்லாஸ் பின்னால் நடந்து இழுத்தார். கயிறு நடுங்கியது. அவர் மனம் முழுக்க மகள். வாய் தன் பாட்டுக்குத் தன் வேலையைப் பார்த்தது.

"ஒண்டு, ரெண்டு, மூண்டு, நாலு..."

மனுஷன் எந்தப் பாஷையையும் பழகலாம். அதில் சண்டை பிடிக்கலாம், வேலை கேட்கலாம், கெஞ்சலாம். எண்ணுவதும் செபம் சொல்வதும் மட்டும் பிறந்த பாஷையில்தான் வரும். இருபத்திரண்டு வருஷமும் அவர் அசேலவைத் தவிர வேறு ஆள் இல்லாத நேரம் பார்த்துத்தான் இந்த வேலையைச் செய்து வந்தார். அன்று மறந்து போனார். பதினாறில் நிமிர்ந்து பார்த்தபோது மாத்தையா அவரையே பார்த்துக்கொண்டு நின்றார்.

இருபது ஆனதும் இரண்டு பேரும் மெல்ல நெருங்கி வந்து கயிற்றை விட்டார்கள். மாத்தையாவின் கண் கலங்கியிருந்தது.

"அசேலவும் இப்படித்தான் எண்ணுவான்," என்றார் சிங்களத்தில். "வெளியே சாய்ந்து நிற்கும்போது. கரையில் இருந்து எனக்குக் கேட்கும். இது எந்தப் பாஷை, ஸ்ரான்லி?"

முப்பது வருஷம் நீதிமன்றத்தில் இருந்தவருக்குத் தமிழ் கேட்டால் தெரியாதா என்று இன்றைக்கு நாம் கேட்கலாம். ஸ்ரனிஸ்லாஸுக்கு அப்போது அந்த யோசனை வரவில்லை. அவருக்குக் கேற்றும் பொல்லும் காவல்காரனும் நினைவுக்கு வந்தார்கள். உண்மை வாய் வரை வந்தது. அசேலவுக்கு நான் சொல்லிக் கொடுத்தது மாத்தையா, அவன் கேட்டுப் படித்தான், உங்களுக்குச் சொல்ல மாட்டேன் என்றான். இதைச் சொல்லியிருந்தால் அந்த மனுஷருக்குச் செத்த மகனைப் பற்றிப் புதிதாக ஒரு செய்தி கிடைத்திருக்கும். அப்படி ஒன்றுக்காக அவர் ஒன்றரை வருஷமாக ஏங்கிப் போயிருந்தார்.

"கொச்சியில இருந்து வந்த ஒரு பழைய தச்சன் சொல்லித் தந்தது, மாத்தையா. படகுக்காரர் எண்ணுற விதம்," என்றார் ஸ்ரனிஸ்லாஸ்.

மாத்தையா கீழே கிடந்த கயிற்றைப் பார்த்தார். பிறகு, அப்படியா என்றார். மறுபடி கயிற்றின் தலையை எடுத்துக்கொண்டு, எண்ணு என்றார். மிச்சம் ஒன்பது தரமும் ஸ்ரனிஸ்லாஸ் தமிழில் சத்தமாக எண்ணினார். நாலாம் தரத்தில் இருந்து மாத்தையாவும் கூடச் சேர்ந்து எண்ணத் தொடங்கினார். ஏழு அவர் வாயில் ஏலு என்று வந்தது. வெயில் கூரையில் ஏறிக்கொண்டிருந்தது. ஸ்ரனிஸ்லாஸுக்கு அழுகை வந்தது, வியர்வையைத் துடைப்பது போல முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

கயிறு களைத்து முடிந்து, அளந்து, வெட்டும் இடத்தின் இரண்டு பக்கமும் நூல் சுற்றி, முனையை நெருப்புக்குச்சியால் உருக்கி முடித்த பிறகு ஸ்ரனிஸ்லாஸ் விஷயத்தைச் சொன்னார். மகளைப் பொலிஸ் தவறுதலாகப் பிடித்துவிட்டது. கூட வேலை செய்கிற ஒரு தமிழ்ப் பிள்ளைக்குக் காய்ச்சல் என்று பார்க்கப் போனவள். சொன்னது ஒன்றும் பொய்யில்லை, சொல்லாமல் விட்டதுதான் பொய். மாத்தையா தலையை ஆட்டினார். இந்தப் பிள்ளைகளுக்கு எங்கே போவது எங்கே போகக் கூடாது என்று தெரிவதில்லை என்றார். நாளைக்கு ஓட்டம் முடிந்ததும் கடிதம் தருகிறேன், உன் பிள்ளை என் பிள்ளை மாதிரி என்றார்.

ஞாயிற்றுக்கிழமை நல்ல காற்று. மருமகன் படகை இறக்கினான். கரையில் எல்லாரும் பாயைப் பார்த்தார்கள். ஸ்ரனிஸ்லாஸ் வளையத்தைத்தான் பார்த்தார். அவன் வெளியே சாய்ந்தான், உள்ளே வந்தான், கழற்றினான். வளையம் தன் இடத்துக்குப் போய் ஒட்டிக்கொண்டது. மறுபக்கம் திரும்பியபோதும் அப்படியே. இருபது தரமாவது பார்த்திருப்பார், ஒரு தரமும் பிசகவில்லை. படகு மூன்றாவதாக வந்தது. மாத்தையாவுக்கு அது போதுமாக இருந்தது, இவர் தோளில் கையைப் போட்டுக்கொண்டு கிளப் ஒபிசுக்கு நடந்தார்.

அங்கே அவரே ரைப் அடித்தார். இரண்டு விரலால் அடிக்கிறவர். ஸ்ரனிஸ்லாஸ் பின்னால் நின்று பார்த்தார். இங்கிலிஷ் அவருக்கு எழுத்துக் கூட்டி வாசிக்க வரும். டோரின் என்று வந்தது. மிஸ்ரர் ஸ்ரான்லியின் மகள் என்று வந்தது. பிறகு பி. பிறகு ஈ. ஒவ்வொரு எழுத்தும் விழுவதற்கு அவ்வளவு நேரம் எடுத்தது. ஒரு வார்த்தை சொல்ல அது தாராளமாகப் போதும். பெரேரா என்று முழுக்க விழுந்து, அடுத்த சொல்லுக்குப் போனது. ஸ்ரனிஸ்லாஸ் தொண்டையைச் செருமினார். மாத்தையா திரும்பிப் பார்த்தார். ஒன்றுமில்லை மாத்தையா, தூசி என்றார்.

பின்னேரம் நாலு மணிக்கு வீட்டுக்கு வந்தபோது ஐறீன் வாசலில் நின்றாள். கடிதத்தை வாங்கி, மூக்குக் கண்ணாடியைப் போட்டு, நின்றபடியே வாசித்தாள். கொன்வன்ரில் படித்தவள், இங்கிலிஷ் அவருக்கு மேல். இரண்டாம் தரமும் வாசித்தாள். பிறகு கதிரையில் உட்கார்ந்தாள்.

"ஆர் இந்தப் பெரேரா?"

அவர் குனிந்து செருப்பைக் கழற்றினார்.

"வத்தளையில பரம்பரையா இருக்கிற சிங்களக் கத்தோலிக்கக் குடும்பமாம். அதுவும் எழுதியிருக்கு. இதைக் கொண்டு போய்க் குடுத்து, இது ஆற்ற பிள்ளை எண்டு சொல்லப் போறீங்கள்?"

பொலிஸ் கையெழுத்தையும் பதவியையும்தான் பார்க்கும், மேலே என்ன இருக்கிறதென்று எவன் வாசிக்கப் போகிறான் என்றார் ஸ்ரனிஸ்லாஸ். சொல்லும்போதே அவருக்கு அது நம்பிக்கையாக இல்லை. ஐறீன் சத்தம் போடவில்லை. எழும்பிப் போய் அவருடைய சட்டையைக் கொண்டு வந்து நீட்டினாள்.

"இன்னும் வெளிச்சம் கிடக்கு. பஸ் ஓடுது. அவற்ற வீட்டுக்குப் போய் உண்மையைச் சொல்லி வேற கடிதம் வாங்கிக்கொண்டு வாங்கோ."

"அவற்ற ஒரே மகன், ஐறீன். வடக்கில செத்தவன். அவரிட்டப் போய் நான் தமிழன் எண்டு எப்பிடிச் சொல்லுறது?"

"அதுக்கு அங்க உள்ளுக்கு இருக்கிறது ஆற்ற ஒரே மகள்?"

அவர் சட்டையைப் போட்டார். பஸ் நிற்கும் இடம் வரை போனார். ஒரு பஸ் வந்தது, ஏறவில்லை. இரண்டாவது வந்தது. அதில் ஏற ஒரு காலை வைத்து, கொண்டக்டர் எங்கே என்று கேட்டதும், ஒன்றுமில்லை என்று இறங்கிவிட்டார். உண்மையைச் சொன்னால் மாத்தையா இந்தக் கடிதத்தையும் கிழித்துப் போட்டுவிடுவார், கையில் இருப்பதும் போய்விடும் என்று தனக்குத் தானே நியாயம் சொல்லிக்கொண்டார். பயந்தவனுக்கு நியாயம் கிடைக்காத நேரமே இல்லை. திரும்பி வந்தபோது ஐறீன் அந்தோனியார் கோயிலுக்குப் போயிருந்தாள்.

திங்கட்கிழமை எட்டு மணிக்கு ஸ்ரனிஸ்லாஸ் தனியாகப் பொலிஸ் நிலையத்துக்குப் போனார். ஐறீன் வர மாட்டேன் என்றுவிட்டாள். பொறுப்பதிகாரி கடிதத்தை வாங்கியதும் கையெழுத்தைத்தான் முதலில் பார்த்தார். முகம் மலர்ந்தது. உட்காருங்கள் என்றார். ஸ்ரனிஸ்லாஸ் உட்கார்ந்தார். ஒரு நிமிஷம், ஒரே ஒரு நிமிஷம், எல்லாம் சரி வந்துவிட்டது என்று நினைத்தார்.

பிறகு அவர் மேலே இருந்து வாசிக்கத் தொடங்கினார். வாசித்து முடித்துவிட்டு, வெள்ளிக்கிழமை டோரின் பேரில் எழுதிய பதிவை எடுத்து வரச் சொன்னார். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். இவருடைய அடையாள அட்டையைக் கேட்டார். அட்டையில் தமிழ் வரியின் மேல் விரலை வைத்து, இதில் சூசைப்பிள்ளை ஸ்ரனிஸ்லாஸ் என்று இருக்கிறது, இந்த ஸ்ரான்லி பெரேரா யார் என்று கேட்டார்.

நான்தான் என்றார் ஸ்ரனிஸ்லாஸ். இருபத்திரண்டு வருஷக் கதையைச் சொல்லத் தொடங்கினார். கிளார்க், வத்தளை, எண்பத்து மூன்று. சொல்லச் சொல்ல அது கள்ளன் சொல்லும் கதை மாதிரி அவர் காதுக்கே கேட்டது. பொய்ப் பெயரில் கொழும்பில் வேலை செய்யும் தமிழனைப் பற்றி ஒரு பொலிஸ் அதிகாரி என்ன நினைப்பார் என்று சொல்லத் தேவையில்லை. அவர் கதையைக் கடைசி வரை கேட்கவில்லை. கடிதத்தின் தலைப்பில் இருந்த நம்பருக்கு ரெலிபோன் எடுத்தார்.

மரியாதையாகத்தான் பேசினார். ஸேர், ஸேர் என்று சொன்னார். விஷயத்தைச் சொன்னார், அட்டையில் இருந்த பெயரை வாசித்தார். பிறகு கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு ரெலிபோனை ஸ்ரனிஸ்லாஸிடம் நீட்டினார்.

காதில் வைத்ததும் மூச்சு மட்டும் கேட்டது.

"அசேலவுக்குத் தெரியுமா?" என்று மாத்தையா கேட்டார்.

"தெரியும் மாத்தையா. அவர்தான் கேட்டுப் படிச்சவர்."

எங்கோ ஒரு நாய் குரைப்பது ரெலிபோனுக்குள் கேட்டது.

"சனிக்கிழமை நான் கேட்டேன், ஸ்ரான்லி. எனக்கு அது தமிழ் என்று தெரியும். நீ சொல்லுவாய் என்றுதான் கேட்டேன். சொல்லியிருந்தால் உன் சொந்தப் பெயரையே எழுதியிருப்பேன்."

மாத்தையா என்றார் இவர். அதற்கு மேல் சிங்களமும் வரவில்லை, தமிழும் வரவில்லை.

"நீ கொச்சித் தச்சன் என்றாய். அதை நம்ப வேண்டும் என்று நம்பினேன். நம்பி என் கையெழுத்தையும் வைத்தேன். அந்த ஒபிசரிடம் கொடு."

பொறுப்பதிகாரி வாங்கிக் கேட்டார். சரி ஸேர், விளங்குகிறது ஸேர் என்றார். வைத்துவிட்டு, கடிதத்தை இரண்டாக மடித்து ஒரு கோவைக்குள் போட்டார். ஸ்ரான்லியைத் தெரியும், அட்டையில் இருக்கிற மனுஷனைத் தனக்குத் தெரியாது என்று ஸேர் சொல்கிறார் என்றார். கடிதம் விசாரணைக்கு இங்கே இருக்கட்டும், நீங்களும் வெளியூர் போகக் கூடாது, கூப்பிட்டால் வர வேண்டும் என்றார். குரலில் கோபமில்லை. சுவர்க் கடிகாரத்தில் ஒன்பது அடிக்கப் பத்து நிமிஷம் இருந்தது.

பின் முற்றத்தில் வாகனம் நின்றது. பெண்களை முதலில் ஏற்றினார்கள். மேபல் ஒரு சால்வையைப் போர்த்திக்கொண்டு வந்தாள், அவளைக் கையைப் பிடித்துக் கூட்டி வந்தவள் டோரின். தகப்பனைக் கண்டதும் நின்றாள். கூட வந்த பொலிஸ் பெண் தடுக்கவில்லை.

"கடிதம் கிடைச்சதே டடா?"

"கிடைச்சது. குடுத்தனான்."

"அப்ப ஏன் ஏத்துறாங்கள்? என்ர பேரை ஏதும் பிழையா எழுதிப்போட்டினமோ?"

ஸ்ரனிஸ்லாஸ் மகளின் முகத்தைப் பார்த்தார். மூன்று நாளில் அது சிறுத்துப் போயிருந்தது. கேட்ட கேள்விக்கு அவரிடம் இருந்த உண்மை ஒன்றே ஒன்றுதான்.

"இல்லை மகள்," என்றார். "உன்ர பேர் சரியாத்தான் இருக்கு."

அவள் மேபலை முதலில் ஏற்றிவிட்டுத் தானும் ஏறினாள். கதவைச் சாத்தினார்கள்.